தொடக்கப் பள்ளி தன் பாடத்திட்டத்தைத் தானே உருவாக்க: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தலைமையாசிரியர்களும் வகுப்பாசிரியர்களும் கேட்கும் கேள்விகள் பாதி. அவர்களுக்குத் துணையாகப் பள்ளிக்குப் போகிற கல்வி அலுவலர்கள், பயிற்றுநர்கள், தன்னார்வ அமைப்பினர் கேட்பவை மீதி. இரண்டு தரப்புக்கும் பெரும்பாலும் ஒரே பதில்தான் என்பதால் பிரிக்காமல் தந்திருக்கிறேன். வரிசையாகப் படிக்க வேண்டும் என்றில்லை.

அரசே பாடத்திட்டம் தருகிறது, பாடநூலும் இருக்கிறது. பள்ளிக்கென்று தனியாக எதற்கு?

இந்த வயதுக்குள் குழந்தைக்கு இவையெல்லாம் தெரிந்திருக்க வேண்டும் என்று அரசின் பாடத்திட்டம் சொல்லும். எதை எதற்கு முன்னால் வைப்பது, எதற்கு இரண்டு வாரம் ஒதுக்குவது, எதை இரண்டு பாடவேளையில் முடிப்பது, எந்த எடுத்துக்காட்டைப் பிடித்துத் தொடங்குவது என்பதெல்லாம் அதில் இருக்காது. இருந்தாலும் எல்லாப் பள்ளிக்கும் பொதுவாகத்தான் இருக்கும். அந்த முடிவுகளை யாராவது எடுத்துத்தான் ஆக வேண்டும். ஆசிரியர்கள் கூடிப் பேசி எடுக்காவிட்டால், பாடநூலின் பொருளடக்கம் எடுத்துவிடும். இல்லையென்றால் ஒவ்வொருவரும் அவரவர் வகுப்பறைக்குள் தனித்தனியாக எடுப்பார்கள்.

தனித்தனியாக எடுத்தால் என்ன ஆகும்? இரண்டாம் வகுப்பில் தாவரத்தின் பாகங்கள். மூன்றாம் வகுப்பில் அதே படம். நான்காம் வகுப்பில் மறுபடி அதே படம், கொஞ்சம் பெரிதாக. வேர், தண்டு, இலை, பூ என்று மூன்று வருடம் பெயர் எழுதிய குழந்தைக்கு, வேரை வெட்டிவிட்டுத் தண்டை மட்டும் வண்ண நீரில் நிறுத்தினால் இலைக்கு நிறம் ஏறுமா என்று யோசிக்க ஒரு தடவைகூட வாய்ப்பு வந்திருக்காது. இதில் எந்த ஆசிரியர் மேலும் குறையில்லை. மூவரும் நன்றாகவே நடத்தியிருப்பார்கள். பக்கத்து அறையில் என்ன நடந்தது என்று அவர்களுக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

பள்ளியின் பாடத்திட்டம் என்று இங்கே நான் சொல்வது, எதை, எப்போது, எவ்வளவு ஆழமாக நடத்துவது என்று ஆசிரியர்கள் தங்களுக்குள் செய்துகொள்ளும் உடன்பாட்டை. கோப்பில் இருப்பது அதன் பதிவு.

ஆனால் பள்ளிக்கு அவ்வளவு சுதந்திரம் இருக்கிறதா?

நாட்டுக்கு நாடு மாறும். வேல்ஸில் 2022 செப்டம்பர் முதல், தொடக்கப் பள்ளி தன் பாடத்திட்டத்தைத் தானே வடிவமைக்க வேண்டும் என்பதே விதி. நான்கு நோக்கங்களும் ஆறு கற்றல் துறைகளும் மேலிருந்து வருகின்றன. அவற்றுக்குள் என்ன நடத்துவது என்பது பள்ளியின் பொறுப்பு. பின்லாந்தில் 2014இல் வகுக்கப்பட்டு 2016 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்த தேசிய அடிப்படைப் பாடத்திட்டத்தை வைத்துக்கொண்டு, நகராட்சிகளும் பள்ளிகளும் தங்களுக்கானதை எழுதிக்கொள்கின்றன. பல பாடங்கள் ஒன்றுசேரும் கற்றல் தொகுதி ஒன்றாவது ஆண்டுதோறும் ஒவ்வொரு மாணவருக்கும் கிடைக்க வேண்டும் என்பது கட்டாயம். அது எதைப் பற்றி என்பதை மேலிடம் சொல்வதில்லை.

ஜப்பானில் பாடங்கள் இறுக்கமாக வரையறுக்கப்பட்டவை. அங்கேயும் 2002 முதல், மூன்றாம் வகுப்பில் தொடங்கி ‘ஒருங்கிணைந்த கற்றல் நேரம்’ என்று ஒன்று உண்டு. இப்போது தொடக்கப் பள்ளியில் ஆண்டுக்கு 70 பாடவேளை, ஒவ்வொன்றும் 45 நிமிடம். அதை எதற்குப் பயன்படுத்துவது என்று முடிவு செய்வது பள்ளி. இங்கிலாந்தின் 2014ஆம் ஆண்டு தேசியப் பாடத்திட்டத்தைப் பாருங்கள். 5 முதல் 7 வயது வரையான குழந்தைகளுக்கு, தங்கள் வட்டாரத்தின் முக்கிய நிகழ்வுகள், மனிதர்கள், இடங்கள் பற்றிச் சொல்லித்தர வேண்டும் என்கிறது. எந்த நிகழ்வு, எந்த மனிதர் என்று எதுவும் இல்லை. அந்த ஒரு வரிக்குள் ஒரு முழு அலகு எழுதலாம்.

அதனால் முதல் வேலை, உங்களுக்கு வந்திருக்கும் ஆவணத்தை வரிவரியாகப் படிப்பது. மூன்று நிறப் பேனா எடுத்துக்கொள்ளுங்கள். கட்டாயம் என்பதற்கு ஒன்று, பரிந்துரை என்பதற்கு ஒன்று. மூன்றாவது, அந்த ஆவணத்திலேயே இல்லாத, ஆனால் பள்ளியில் எல்லோரும் கட்டாயம் என்று நம்பிக்கொண்டிருப்பவற்றை ஓரத்தில் எழுதிக்கொள்ள. இந்த மூன்றாவது பட்டியல் எப்போதும் நீளமாகத்தான் இருக்கும். ‘எழுத்துத் தேர்வு மாதம் ஒன்று’, ‘ஒவ்வொரு பாடத்துக்கும் தனி நோட்டு’ என்பது போல. எப்போதோ வந்துபோன ஓர் ஆய்வு அலுவலர் வாய்மொழியாகச் சொன்னது விதியாகிப் போயிருக்கும்.

உதவிக்கு வருபவரே எழுதிக் கொடுத்துவிட்டால் வேலை சீக்கிரம் முடியுமே?

முடியும். அழகாகவும் இருக்கும். ஆனால் ஏழாவது பாடத்துக்கு முன் எட்டாவதை வைத்தது ஏன் என்று பள்ளியில் யாருக்கும் தெரியாது. காரணம் தெரியாத வரிசையை முதல் நெருக்கடியிலேயே மாற்றிவிடுவார்கள். மாற்றுவதும் நியாயம்தான்.

அப்படியானால் உதவி என்பது எது?

முதலில் நேரம். மாலை நான்கு மணிக்கு, நாள் முழுக்க வகுப்பெடுத்துக் களைத்த பிறகு, பேருந்து நேரத்தைப் பார்த்துக்கொண்டே யாரும் பாடத்திட்டம் வகுக்க முடியாது. உங்களிடம் கொஞ்சம் பணம் இருக்கிறது, அதை ஒரே ஒரு விஷயத்துக்குத்தான் செலவிட முடியும் என்றால், அச்சிட்ட கையேட்டை விட்டுவிடுங்கள். இரண்டு ஆசிரியர்கள் அரை நாள் சேர்ந்து உட்கார, அவர்கள் வகுப்புகளைப் பார்த்துக்கொள்ள ஆள் ஏற்பாடு செய்யுங்கள். ஆள் கிடைக்காவிட்டால் உதவ வந்தவரே வகுப்புக்குள் போய் நிற்கலாம். கூட்டம் நடத்துவதைவிட அது பெரிய உதவி.

அடுத்தது கேள்விகள். ‘இதை ஏன் இங்கே வைத்திருக்கிறீர்கள்?’ ‘இதற்கு முன் குழந்தைக்கு என்ன தெரிந்திருக்க வேண்டும்?’ ‘இதை நடத்தாமலே விட்டால் அடுத்த வகுப்பில் எது தடுமாறும்?’ மூன்றாவது கேள்விதான் எனக்குப் பிடித்தது. சில பாடங்களுக்கு ‘ஒன்றும் தடுமாறாது’ என்று பதில் வரும்போது அறையில் ஒரு சிரிப்பு எழும்.

அப்புறம், பாட அறிவு. இதை நாசூக்காகக் கையாள வேண்டும். தொடக்கப் பள்ளி ஆசிரியர் எல்லாப் பாடங்களையும் நடத்துகிறார். எல்லாவற்றிலும் அவர் ஆழமாகப் படித்திருக்க வழியில்லை. கோடை ஏன் வருகிறது என்று கேட்டால், பூமி அப்போது சூரியனுக்கு அருகில் இருப்பதால் என்று பெரியவர்களே பலர் சொல்வார்கள். உண்மையில் பூமி சூரியனுக்கு மிக அருகில் வருவது ஜனவரித் தொடக்கத்தில். வட பாதியில் அப்போது குளிர்காலம். பூமியின் அச்சு சாய்ந்திருப்பதுதான் காரணம். இது தெளிவாக இல்லாதவர்களால் நிழல், பகல் இரவு, பருவம் என்ற வரிசையைச் சரியாகக் கோர்க்க முடியாது. தலைமையாசிரியர் முன்னால் வைத்து ‘இது தெரியுமா’ என்று கேட்டால் எல்லோரும் தெரியும் என்றே தலையாட்டுவார்கள். அந்தப் பாடம் தெரிந்த ஒருவரைக் கூப்பிட்டு, நிழலையும் டார்ச் விளக்கையும் வைத்து ஒரு மணி நேரம் ஆசிரியர்களோடு விளையாடச் சொல்லுங்கள். வேலை நடந்துவிடும்.

எங்கிருந்து தொடங்குவது? தொலைநோக்கு அறிக்கையா?

வேண்டாம். அதில் எல்லாப் பள்ளியும் ஒரே மாதிரிதான் எழுதும். நோட்டுகளிலிருந்து தொடங்குங்கள்.

ஒரே ஒரு பாடத்தை எடுத்துக்கொள்ளுங்கள், அறிவியல் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு வகுப்பிலிருந்தும் மூன்று குழந்தைகளின் நோட்டு. நன்றாகப் படிப்பவர் ஒருவர், நடுவில் இருப்பவர் ஒருவர், திணறுபவர் ஒருவர். நீளமான மேசையில் ஒன்றாம் வகுப்பிலிருந்து ஐந்தாம் வகுப்பு வரை வரிசையாகப் பரப்பி வையுங்கள். எல்லா ஆசிரியர்களும் அந்த மேசையோரமாக, பேசாமல், ஒரு தடவை நடந்து பார்க்கட்டும். திரும்பத் திரும்ப வருவது எது, வராமலே போனது எது, திடீரென்று உயரம் தாண்டுவது எங்கே என்று ஆளுக்கொரு சீட்டில் எழுதட்டும். திணறும் குழந்தையின் நோட்டில் பாதிப் பக்கங்கள் கரும்பலகையைப் பார்த்து எழுதியவையாகவே இருக்கும். அதையும் பாருங்கள். திட்டத்தில் இருந்தது வேறு, குழந்தைக்குப் போய்ச் சேர்ந்தது வேறு என்பதை இதைவிடச் சீக்கிரமாக எந்த உரையும் காட்டாது.

ரால்ஃப் டைலர் என்ற அமெரிக்கக் கல்வியாளர் 1949இல் நான்கு கேள்விகளை முன்வைத்தார். பள்ளியின் நோக்கங்கள் எவை, அவற்றை அடைய எந்த அனுபவங்கள் உதவும், அவற்றை எப்படி ஒழுங்குபடுத்துவது, நோக்கம் நிறைவேறியதை எப்படி அறிவது. பாடத்திட்டம் பற்றிய வழிகாட்டிகள் பெரும்பாலும் இன்றும் இந்த வரிசையில்தான் போகின்றன. கேள்விகள் அருமையானவை. ஆனால் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் பள்ளியில் நான்காவதிலிருந்து பின்னோக்கி வருவதே சுலபம். நோட்டுகளைப் பரப்புவது அதற்குத்தான்.

பாடங்களை வரிசைப்படுத்துவது என்கிறீர்கள். ஓர் எடுத்துக்காட்டு முழுதாகத் தர முடியுமா?

வரைபடத்தை எடுத்துக்கொள்வோம். ஒன்றாம் வகுப்பில், ஒரு குவளையைத் தரையில் வைத்து, நேர் மேலே நின்று பார்த்து வரையச் சொல்வது. பெரும்பாலான குழந்தைகள் கைப்பிடியோடு பக்கவாட்டுத் தோற்றத்தைத்தான் வரைவார்கள். மேலிருந்து பார்த்தால் வட்டம் என்பது அவர்களுக்கு ஒரு கண்டுபிடிப்பு. இரண்டாம் வகுப்பில், அதே பார்வையில் வகுப்பறை. எந்த மேசை எதற்குப் பக்கத்தில், கதவு எந்தச் சுவரில். மூன்றாம் வகுப்பில் பள்ளி வளாகம். மரத்தை மரமாக வரையாமல் ஒரு குறியீடு, ஓரத்தில் அதற்கான விளக்கம், வடக்கு எது என்று ஓர் அம்புக்குறி.

நான்காம் வகுப்பில் அளவை. வளாகத்தை நாடாவால் அளக்கிறார்கள். 60 மீட்டர் நீளம், 40 மீட்டர் அகலம் என்று வருகிறது. ஒரு சென்டிமீட்டருக்கு இரண்டு மீட்டர் என்று எடுத்தால் தாளில் 30க்கு 20. ஏ4 தாளின் நீளம் 29.7 சென்டிமீட்டர். மூன்று மில்லிமீட்டர் வெளியே போகிறது! இந்த இடத்தில் ஆசிரியர் வாயைத் திறக்கக் கூடாது. இன்னொரு தாளை ஒட்டலாம் என்று ஒரு குழு சொல்லும். சுவரைக் கொஞ்சம் குறைத்து வரைந்துவிடலாம் என்று இன்னொன்று சொல்லும். ஒரு சென்டிமீட்டருக்கு நான்கு மீட்டர் என்று மாற்றினால் 15க்கு 10, தாளில் தாராளமாக அடங்கும் என்று யாராவது ஒருவர் கண்டுபிடிப்பார். ஆனால் அப்போது மரம் புள்ளியாகிவிடும், கிணறு தெரியாது. அளவை என்பது எதைக் காட்ட வேண்டும் என்பதைப் பொறுத்து நாம் தேர்ந்தெடுப்பது என்று அந்தக் குழந்தைகளுக்கு விளக்க வேண்டியதே இல்லை. ஐந்தாம் வகுப்பில் அவர்கள் நிலவரைநூலைத் திறக்கும்போது, ஒரு பக்கத்தில் ஒரு நகரமும் அடுத்த பக்கத்தில் ஒரு கண்டமும் ஒரே அளவில் இருப்பதைப் பார்த்துக் குழம்ப மாட்டார்கள்.

இதைத் திட்டமிடும்போது ஆசிரியர்கள் ஒன்றைக் கவனிப்பார்கள். நான்காம் வகுப்பு அளவைப் பாடத்துக்கு மீட்டர், சென்டிமீட்டர் மாற்றமும் வகுத்தலும் தெரிந்திருக்க வேண்டும். கணக்கில் நீளம் அளத்தல் இரண்டாம் பருவத்தில், வரைபடம் முதல் பருவத்தில் என்றிருந்தால் காரியம் நடக்காது. இரண்டில் ஒன்றை நகர்த்த வேண்டும். பள்ளி தன் பாடத்திட்டத்தை வகுப்பது என்பது நடைமுறையில் பெரும்பாலும் இப்படிப்பட்ட நகர்த்தல்கள்தான்.

ஒரே கருத்துக்கு ஒவ்வொரு முறையும் இன்னும் ஆழமாகத் திரும்பி வருவதைச் சுருள் பாடத்திட்டம் என்பார்கள். 1960இல் ஜெரோம் புரூனர் என்ற அமெரிக்க உளவியலாளர் முன்வைத்தது. தாவரப் படம் மூன்று வருடம் வந்ததும் திரும்பி வருவதுதான், ஆனால் அது ஆழமாகவில்லை.

எல்லாவற்றுக்கும் நேரம் எங்கே இருக்கிறது? போர்ஷன் முடிப்பதே பெரும்பாடு.

உண்மை. அதனால் கணக்குப் போட்டுவிட்டே பேச வேண்டும். வாரத்துக்கு இரண்டு பாடவேளை, ஆண்டுக்கு 38 வாரம் என்றால் 76. தேர்வு, விழா, விளையாட்டு நாள், மழை விடுமுறை, ஆசிரியருக்கு வரும் பயிற்சி எல்லாம் போக 60 கிடைத்தால் நல்லது. அதில் 50க்கு மட்டும் திட்டமிடுங்கள். மிச்சம் பத்தும் திரும்பிப் பார்க்க.

திரும்பிப் பார்ப்பது ஆடம்பரம் என்று நினைக்க வேண்டாம். ஒரே மூச்சில் படித்ததைவிட இடைவெளி விட்டுப் படித்தது நிலைக்கும் என்பதை ஹெர்மன் எபிங்ஹாஸ் என்ற ஜெர்மன் உளவியலாளர் 1885லேயே தன்மீதே சோதித்துக் காட்டினார். அதன்பின் வந்த ஆய்வுகளும் அதையே திரும்பத் திரும்ப உறுதி செய்திருக்கின்றன. செப்டம்பரில் நடத்தியதை நவம்பரில் ஐந்து நிமிடம், பிப்ரவரியில் ஐந்து நிமிடம் தொட்டுப் பார்க்கத் திட்டத்திலேயே இடம் வைக்காவிட்டால், யாரும் தானாகச் செய்ய மாட்டார்கள்.

இங்கேதான் மனத்தாங்கல் வரும். 76க்கு எழுதியதை 50க்குள் கொண்டுவர எதையாவது விட்டுத்தான் ஆக வேண்டும். சேர்ப்பதற்கு எல்லோரும் கை தூக்குவார்கள், விடுவதற்கு யாரும் தூக்க மாட்டார்கள். நான் எல்லாப் பள்ளியிலும் வற்புறுத்தும் ஒரே தாள், ‘விட்டவை’ என்று தலைப்பிட்ட தாள். எதை விட்டோம், ஏன் விட்டோம், யாருக்காவது அதில் மறுப்பு இருந்ததா என்று இரண்டிரண்டு வரி. அது இல்லாவிட்டால் புதிதாக வரும் தலைமையாசிரியர் நல்ல மனதோடு எல்லாவற்றையும் திரும்பச் சேர்த்துவிடுவார்.

உள்ளூர் விஷயங்களை எவ்வளவு சேர்க்கலாம்?

ஊரில் ஒரு பழைய பாலம் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதைப் படம் வரைந்து, கட்டிய ஆண்டை எழுதி, சுவரில் ஒட்டினால் அது அலங்காரம். பாலம் ஏன் சரியாக இந்த இடத்தில், இருநூறு மீட்டர் தள்ளி ஏன் இல்லை? ஆறு இங்கே குறுகலா, கரை பாறையா? பாலம் வருவதற்கு முன் மக்கள் எப்படிக் கடந்தார்கள்? பாலம் வந்ததும் யாருக்குப் பிழைப்பு போனது? இவற்றைக் கேட்டால் அது புவியியலும் வரலாறும். இதே கேள்விகளை அவர்கள் பார்த்தேயிராத ஒரு நகரத்தின் பாலத்திடமும் கேட்கத் தெரிந்துவிட்டால், உள்ளூர்ப் பாடம் தன் வேலையைச் செய்துவிட்டது. உள்ளூரிலேயே தொடங்கி உள்ளூரிலேயே முடிகிற பாடத்திட்டம் குழந்தையை ஊருக்குள் அடைத்துவிடும். இதில் நான் கொஞ்சம் பிடிவாதக்காரன்.

இன்னொன்று. ‘நம் ஊர்’ என்று எழுதும்போது போன வருடம் குடிவந்த குடும்பத்தின் குழந்தையும் அந்த வகுப்பில் இருக்கிறது.

ஒரு கருப்பொருளை எடுத்து எல்லாப் பாடத்தையும் அதோடு இணைக்கலாமா?

இணைப்பால் இரண்டு பாடமும் லாபம் அடைந்தால் இணைக்கலாம். மேலே சொன்ன அளவைப் பாடத்தில் கணக்குக்கும் லாபம், புவியியலுக்கும் லாபம். ‘தண்ணீர் மாதம்’ என்று சொல்லி, நீர்த்துளி வடிவில் வெட்டிய அட்டையில் அதே பழைய கூட்டல் கணக்கை எழுதுவது இணைப்பு ஆகாது. கத்தரிக்கோல் வேலை.

ஒரே அறையில் இரண்டு மூன்று வகுப்புகள். எங்களுக்கு இதெல்லாம் சரிவருமா?

சிறிய பள்ளிகளுக்குத்தான் இது அதிகம் தேவை, ஏனென்றால் பொதுவான பாடத்திட்டங்கள் பெரும்பாலும் ஓர் அறைக்கு ஒரு வகுப்பு என்று நினைத்தே எழுதப்படுகின்றன.

மூன்றும் நான்கும் ஒரே அறையில் என்றால், வழக்கமான தீர்வு இரண்டு வருடச் சுழற்சி. முதல் ஆண்டு இரு வகுப்புக்கும் சேர்த்து ‘அ’ தொகுப்பு, அடுத்த ஆண்டு ‘ஆ’ தொகுப்பு. வரலாறு, கலை, புவியியலின் பெரும்பகுதி, அறிவியலில் சில அலகுகள் இதற்கு ஒத்துவரும். கணக்குக்கும் வாசிப்புக்கும் ஒத்துவராது. ஒவ்வொரு படியும் முந்தைய படியின் மேல் நிற்பவை என்பதால் அவற்றில் குழந்தைகளைக் குழுக்களாகப் பிரித்துத்தான் நடத்த வேண்டும்.

சுழற்சியில் ஒரு பொறி இருக்கிறது. பாதிக் குழந்தைகள் ‘ஆ’ தொகுப்பை முதலில் படிப்பார்கள். அதனால் ‘ஆ’வில் உள்ள எதுவும் ‘அ’வை நம்பியிருக்கக் கூடாது. இதைச் சோதிக்க எளிய வழி, ‘அ’வை மூடி வைத்துவிட்டு ‘ஆ’வை மட்டும் ஒருவர் படிப்பது. ‘சென்ற ஆண்டு பார்த்தோமே’ என்ற வாசகம் எங்கே வந்தாலும் அங்கே பிரச்சினை. வரைபட அளவையை நான்காம் வகுப்பு என்று மேலே சொன்னேன். இந்தப் பள்ளியில் அது சுழற்சிக்குள் வராமல், கணக்கோடு ஒட்டிக்கொண்டு போக வேண்டியிருக்கும்.

பக்கத்தில் இதே மாதிரி நான்கைந்து பள்ளிகள் இருந்தால் சேர்ந்து செய்யுங்கள். இரண்டு ஆசிரியர் மட்டும் உள்ள பள்ளியில் விவாதம் சீக்கிரம் தீர்ந்துவிடும்.

பாடத்திட்டம் வேலை செய்கிறதா என்று எப்படித் தெரியும்?

பருவத் தேர்வு மதிப்பெண் குழந்தையைப் பற்றி ஏதோ சொல்லும். திட்டத்தைப் பற்றிச் சொல்ல வேறு மாதிரிக் கேள்வி வேண்டும். நான்காம் வகுப்புக் குழந்தைகளிடம் இதைக் கொடுத்துப் பாருங்கள்:

8 + 4 = □ + 5

கட்டத்தில் நிறையப் பேர் 12 என்று எழுதுவார்கள். சிலர் எல்லாவற்றையும் கூட்டி 17 என்பார்கள். விடை 7. கூட்டல் தெரியாததால் வரும் பிழை இல்லை இது. ஒன்றாம் வகுப்பிலிருந்து அவர்கள் பார்த்த சமக்குறி எல்லாம் ‘இங்கே விடையை எழுது’ என்றுதான் சொல்லியிருக்கிறது. இரண்டு பக்கமும் சமம் என்று அது ஒரு நாளும் சொல்லவில்லை. நான்காம் வகுப்பு ஆசிரியர் தனியாக உட்கார்ந்து இதைத் திருத்தலாம், ஆனால் அடுத்த வருடமும் அதே பிழையோடு வேறு குழந்தைகள் வருவார்கள். ஒன்றாம் வகுப்பிலேயே 7 = 3 + 4 என்றும், 5 = 5 என்றும், 2 + 4 = 1 + 5 என்றும் எழுதிக் காட்டுவதுதான் மருந்து. பாடத்திட்டத்தில் மாற்ற வேண்டிய இடம் பிழை தெரிந்த இடத்திலிருந்து மூன்று வருடம் கீழே இருக்கிறது.

அதனால் ஒவ்வொரு பாடத்திலும் இப்படிப்பட்ட கேள்விகள் ஐந்தாறு தயாராக வைத்திருங்கள். ஆண்டுக்கு இரண்டு முறை, வகுப்புக்கு ஐந்து குழந்தைகளோடு பத்து நிமிடம் பேசுங்கள், எழுதச் சொல்ல வேண்டியதில்லை. பதிவேடும் வேண்டாம்.

ஆவணம் எத்தனை பக்கம் இருக்கலாம்?

பாடத்துக்கு ஒரு பெரிய தாள், எல்லா வகுப்பும் ஒரே பார்வையில் தெரியும்படி. அலகுக்கு ஒரு பக்கம்: முன்பே என்ன தெரிந்திருக்க வேண்டும், புதிதாக எது, என்ன சொற்கள், வழக்கமாக எங்கே குழம்புவார்கள், எந்தக் கேள்வியால் சோதிப்பது. போதும். இங்கிலாந்தில் 2019இல் பள்ளி ஆய்வு விதிகள் மாறியபோது நோக்கம், நடைமுறை, விளைவு என்ற மூன்று சொற்கள் வந்தன. உடனே அந்த மூன்று தலைப்பிலும் பள்ளிகள் பல அறிக்கை எழுதத் தொடங்கின. ஆய்வாளருக்காக எழுதப்படும் ஆவணம் வகுப்பாசிரியருக்குப் பயன்படாது, எந்த நாட்டிலும்.

விலைக்குக் கிடைக்கும் தயார்ப் பாடத்திட்டமோ, செயற்கை நுண்ணறிவு எழுதித் தருவதோ?

இரண்டையும் வாங்கிப் பார்க்கலாம், படித்து எடுத்துக்கொள்ளலாம். படங்கள், பயிற்சித்தாள்கள், கேள்விகள் ஆகியவற்றுக்கு நல்ல நேர மிச்சம். வரிசையை மட்டும் அப்படியே எடுக்காதீர்கள். உங்கள் மூன்றாம் வகுப்புக் குழந்தைகளுக்கு எது தெரியும் என்பது அவற்றுக்குத் தெரியாது. செயற்கை நுண்ணறிவு தரும் திட்டத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. பார்க்க முழுமையாக இருக்கும், ஆகவே யாரும் சண்டை போட மாட்டார்கள். கூட்டத்துக்குக் கொண்டுபோவதானால், ‘இதில் எங்கே தப்பு?’ என்று கேட்டுக் கொடுங்கள். நல்ல விவாதம் கிளம்பும்.

மூத்த ஆசிரியர் ஒருவர் ஒத்துழைக்கவே மாட்டேன் என்கிறார்.

‘இதெல்லாம் பத்து வருஷத்துக்கு ஒரு தடவை வரும் சார், அப்புறம் போயிடும்’ என்பார். அனுபவத்தில் சொல்கிறார், பெரும்பாலும் சரியாகவும் சொல்கிறார். அவரிடம் வாதம் செய்யாதீர்கள். அவர் மிக நன்றாக நடத்தும் அலகு எது என்று மற்றவர்களிடம் கேளுங்கள், எல்லோருக்கும் தெரிந்திருக்கும். அந்த வகுப்பில் போய் உட்காருங்கள். அதை அவர் எப்படி நடத்துகிறாரோ அப்படியே எழுதி, திட்டத்தின் முதல் அலகாக வைக்க அனுமதி கேளுங்கள். தம்முடைய அலகுக்கு முன்னால் என்ன வர வேண்டும் என்று அவரே சொல்லத் தொடங்குவார். எல்லோரிடமும் இது பலிக்காது. பலிக்காதபோது அவரை விட்டுவிட்டு நடக்கவும் தெரிய வேண்டும்.

பெற்றோரைக் கேட்க வேண்டுமா?

எதைக் கேட்பது, எதைச் சொல்வது என்று பிரித்துக்கொள்ளுங்கள். வகுத்தலுக்கு முன் எது வர வேண்டும் என்று கேட்பதில் அர்த்தமில்லை. எதைப் பற்றிப் படிக்கிறார்கள், ஏன் என்று முன்கூட்டியே சொல்லாமல் இருப்பது ஆபத்து.

1960களில் அமெரிக்காவில், அரசு அமைப்பான தேசிய அறிவியல் அறக்கட்டளையின் நிதியில், புரூனரின் வழிகாட்டலில், பத்து வயதுக் குழந்தைகளுக்கான ஒரு பாடத்தொகுப்பு உருவானது. சால்மன் மீன், கடற்காகம், பபூன் குரங்கு ஆகியவற்றில் தொடங்கி, கனடாவின் வடக்கே வாழும் நெட்சிலிக் இனுயிட் மக்களின் வாழ்க்கைக்கு வரும். மனிதனை மனிதனாக்குவது எது என்பதுதான் அதன் மையக் கேள்வி. அறிஞர்கள் உழைத்து உருவாக்கிய, பல ஆசிரியர்கள் விரும்பி நடத்திய தொகுப்பு. ஆனால் அந்த மக்களின் கடுமையான வாழ்க்கை பற்றிய பகுதிகளைப் பார்த்துப் பெற்றோர் சிலர் அதிர்ந்தார்கள். எதிர்ப்பு பரவி, 1975இல் அமெரிக்க நாடாளுமன்றம் வரை போய், நிதியும் நின்றது. உள்ளடக்கம் சரியா தவறா என்று இன்றும் வாதிடலாம். பெற்றோர் அதைத் தங்கள் பள்ளியின் முடிவாகப் பார்க்காமல் எங்கிருந்தோ வந்து இறங்கியதாகப் பார்த்தார்கள் என்பதுதான் நமக்குப் பாடம். ஆண்டுத் தொடக்கத்தில் ஒரு மாலை, தேநீரோடு, அந்தப் பெரிய தாளைச் சுவரில் மாட்டி, வகுப்பாசிரியரே பேசினால் பாதிப் பிரச்சினை வராது.

எவ்வளவு காலம் ஆகும்?

ஒரு பாடத்துக்கு ஒரு வருடம், பேசவும் நடத்திப் பார்க்கவும் திருத்தவும். எல்லாப் பாடத்தையும் ஒரே கோடை விடுமுறையில் முடித்ததாகச் சொல்லும் பள்ளி, எழுதி முடித்திருக்கும். இரண்டாவது பாடம் முதலாவதைவிட வேகமாகப் போகும், ஏனென்றால் ஆசிரியர்களுக்கு அதற்குள் எப்படிப் பேசிக்கொள்வது என்று பழகியிருக்கும்.

உதவ வந்தவர் எப்போது விலகுவது?

கூட்டத்தில் ஆசிரியர்கள் உங்கள் முகத்தைப் பார்த்துப் பேசாமல் ஒருவரை ஒருவர் பார்த்துப் பேசும்போது. இன்னும் தெளிவான அடையாளம், நீங்கள் சொன்ன ஒன்றை அவர்கள் காரணத்தோடு மறுத்து, மாற்றி வைத்துவிட்டு, அடுத்த முறை வரும்போதுதான் உங்களிடம் சொல்வது. அதற்கு அடுத்த ஆண்டு ஒரே ஒரு தடவை போங்கள். புதிதாகச் சேர்ந்த ஆசிரியர் யாராவது இருந்தால் அவரிடம் மட்டும் பேசுங்கள். இந்த அலகு ஏன் இந்த மாதத்தில் வருகிறது என்று கேளுங்கள். அவரால் சொல்ல முடிந்தால் நீங்கள் திரும்பப் போக வேண்டியதில்லை. முடியாவிட்டால், புதியவர்களுக்கு அதைச் சொல்லித்தரும் பொறுப்பு யாருடையது என்பதைத் தலைமையாசிரியரோடு பேசி முடிவு செய்துவிட்டு வாருங்கள்.